முனிச்சிலிருந்து வந்த சுருள்கள்: ஃபாஸ்பிண்டரும் பெங்களூருவின் திரைப்படச் சங்கங்களும்

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிந்து மூன்று வாரங்களே கடந்திருந்த 1945 மே 31 அன்று பவேரியாவின் பாட் வோரிஷோஃபன் என்ற சிற்றூரில் பிறந்த ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர், 1982 ஜூன் 10 அன்று முனிச் நகரில் தம் முப்பத்தேழாம் வயதில் மறைந்தார். அவருடைய முதல் முழுநீளப் படம் வெளிவந்த 1969ஆம் ஆண்டு முதல் அவர் மறைந்த ஆண்டு வரையிலான பதின்மூன்று ஆண்டுகளில், திரையரங்குக்கும் தொலைக்காட்சிக்குமாக நாற்பது அளவிலான ஆக்கங்களை இயக்கியதோடு, பலவற்றில் நடித்தும், சிலவற்றை ஃபிரான்ஸ் வால்ஷ் என்ற புனைபெயரில் தாமே தொகுத்தும், இடையிடையே மேடை நாடகங்களையும் வானொலி நாடகங்களையும் உருவாக்கியும் அவர் விட்டுச்சென்ற குவியலை ஒருவர் முழுமையாகப் பார்த்து முடிப்பதற்கே பல மாதங்கள் வேண்டும். இந்தக் குவியலில் எந்தப் பகுதி இந்திய நகரங்களுக்கு வந்தது, எந்தப் பகுதி வரவே இல்லை என்ற கேள்விக்கு விடை தேடப் பெங்களூரு பொருத்தமான இடமாகும். ஜெர்மன் பண்பாட்டு நிலையம், சுறுசுறுப்பான திரைப்படச் சங்கம், கன்னடப் புதிய சினிமா, பெரும் பொதுத்துறைத் தொழிற்சாலைகள், பின்னர் கணினித் தொழில் ஆகிய அனைத்தும் ஒரே நகரில் அருகருகே இருந்தும், அவற்றுள் சில ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காமலே இருந்த நகரம் அது.

திரைப்படச் சங்கம் என்பது சந்தா செலுத்திய உறுப்பினர்களுக்கு மட்டும், வணிக நோக்கமின்றி, வழக்கமான திரையரங்குகளில் கிடைக்காத படங்களைத் திரையிடும் அமைப்பு. சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் சேர்ந்து 1947இல் தொடங்கிய கல்கத்தா திரைப்படச் சங்கம் இவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்தது. 1959 டிசம்பரில் பல நகரங்களின் சங்கங்கள் ஒன்றுகூடி இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை நிறுவியபோது ராய் அதன் தலைவரானார். வாசலில் சீட்டு விற்பதில்லை என்பதாலும் பார்வையாளர்கள் உறுப்பினர்கள் மட்டுமே என்பதாலும், தூதரகங்கள் வழியாக வந்த வெளிநாட்டுப் படங்களைத் தணிக்கைச் சான்றிதழ் இல்லாமலே காட்டுவதற்கு இச்சங்கங்களுக்கு விலக்கு கிடைத்தது. உறுப்பினர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் திடீரென்று உயர்ந்ததற்குக் கலையார்வம் மட்டுமல்லாமல் இந்த விலக்கும் காரணமாக இருந்ததென்பதைச் சங்கங்களை நடத்தியவர்களே மறுத்ததில்லை. வெட்டுப்படாத ஐரோப்பியப் படம் என்றால் அரங்கு நிறையும் என்பது நாடெங்கும் அறிந்த செய்தி.

பெங்களூருவில் சுசித்ரா திரைப்படச் சங்கம் 1971இல் தோன்றியது. அன்றைய பெங்களூருவில் படம் பார்ப்பதென்பது இடத்தையும் மொழியையும் பொறுத்துப் பிரிந்து கிடந்த பழக்கமாகும். கெம்பேகவுடா சாலையையும் மெஜஸ்டிக் வட்டாரத்தையும் சுற்றிய திரையரங்குகளில் கன்னடப் படங்களும், மகாத்மா காந்தி சாலையின் பிளாசா போன்ற அரங்குகளில் ஆங்கிலப் படங்களும், ஆங்கிலேயர் 1809 முதல் அமைத்த கன்டோன்மென்ட்டின் வழியே தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கங்களில் தமிழ்ப் படங்களும் ஓடின. சுசித்ரா வேரூன்றியதோ நகரின் தெற்கே, பனசங்கரியில். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பொறியாளர்கள், எழுத்தாளர்கள் ஆகியோர் நிறைந்த கன்னட நடுத்தர வகுப்பின் பகுதி அது. பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் குரல்மாற்றி வெளியிடுவதை 1960களின் கிளர்ச்சி நிறுத்தியிருந்தபடியால், புரியாத மொழியின் ஒலியைக் கேட்டுக்கொண்டே படம் பார்ப்பது இந்நகரத்தாருக்குப் புதிதன்று என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

ஜெர்மன் படங்கள் இந்நகருக்கு வந்த வாசல் மாக்ஸ் முல்லர் பவன். கோதே நிறுவனம் என்று உலகெங்கும் அறியப்படும் ஜெர்மன் மொழி, பண்பாட்டு அமைப்பு, இந்தியாவில் மட்டும் ரிக் வேதத்தைப் பதிப்பித்த அறிஞர் ஃபிரீட்ரிஷ் மாக்ஸ் முல்லரின் பெயரைத் தாங்கியது. பெங்களூருக் கிளை 1960இல் தொடங்கியது. மேற்கு ஜெர்மனி அரசின் பணத்தில் 1952இல் பானில் அமைக்கப்பட்ட இன்டர் நாட்சியோனஸ் என்ற அமைப்பு, வெளிநாடுகளில் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்த படங்களுக்கு அந்தந்த மொழியில் துணைத்தலைப்பு பதித்துப் பிரதிகள் எடுத்தது. அப்பிரதிகள் கோதே நிறுவனக் கிளைகளின் வழியே சங்கங்களுக்குக் கட்டணமின்றியோ பெயரளவு செலவிலோ கிடைத்தன. சந்தாப் பணத்தில் வணிக வாடகை கொடுத்துப் படம் எடுக்க இயலாத சங்கங்களின் மாத அட்டவணையில் ஜெர்மன், பிரெஞ்சு, போலந்து, ஹங்கேரிப் படங்கள் மிகுந்திருந்ததற்கு ரசனையோடு இந்தப் பொருளாதாரமும் காரணம். ஒரு நாட்டின் வெளியுறவுத் துறை எதை அனுப்பத் தீர்மானித்ததோ அதுவே அந்நாட்டின் சினிமாவென்று மற்றொரு நாட்டில் அறியப்பட்டது என்ற உண்மையை இந்த வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு கவனித்ததில்லை.

அனுப்பப்பட்டவற்றுள் பெரும்பாலானவை பதினாறு மில்லிமீட்டர்ப் பிரதிகள். திரையரங்குகளின் முப்பத்தைந்து மில்லிமீட்டர்ச் சுருளைவிடப் பாதிக்கும் குறைவான அகலம் கொண்ட இப்படச்சுருள் எடை குறைந்தது, எளிதில் தீப்பற்றாத அசிடேட் அடித்தளம் உடையது, பெட்டியில் அடைத்து ரயில் பார்சலில் அனுப்பத் தக்கது. இதற்கான ஒளிவீழ்த்தியை ஒருவரே தூக்கிவந்து பள்ளிக்கூட மண்டபத்தின் நடுவில் ஒரு மேசைமேல் வைத்து இயக்கிவிடலாம். விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும்போது நிமிடத்துக்கு 36 அடி சுருள் செலவாகும் என்பதால், 1,600 அடி கொள்ளும் பெரிய சுருளும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஓடும்; 93 நிமிடப் படத்துக்குக் குறைந்தது மூன்று சுருள்கள் தேவை. ஒளிவீழ்த்தி ஒன்றே இருந்த இடங்களில் சுருள் முடிந்ததும் விளக்கு எரியும், அடுத்த சுருளைப் பற்களில் கோத்து, ஒலித்தலையைச் சுற்றி வளையமிட்டு, மறுமுனையை வெற்றுச் சக்கரத்தில் சொருகும்வரை பேச்சு நடக்கும். பல ஊர்கள் சுற்றிவந்த பிரதிகளில் சுருள் முனைகள் அறுந்து ஒட்டப்பட்டிருந்தமையால் காட்சிகள் தாவுவதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளைத் துணைத்தலைப்பு கரைந்துபோவதும் வழக்கம். ஃபாஸ்பிண்டரின் படங்களில் பேச்சு மிகுதி. எனவே துணைத்தலைப்பு கரைந்த இடங்களில் பார்வையாளர் முகங்களையும் கதவுச் சட்டங்களையும் நம்பியே கதையைத் தொடர வேண்டியிருந்தது. அவருடைய படங்களைப் பொறுத்தவரை அது அவ்வளவு பெரிய இழப்பு அன்று என்று வாதிடவும் இடமுண்டு.

இவ்வளவு படங்களை ஒருவர் எப்படி எடுத்தார் என்ற வியப்பு பெரும்பாலும் மேதைமையையோ போதைப்பொருளையோ காட்டி முடிந்துவிடுகிறது. இரண்டையும்விட முக்கியமானவை பணம் வந்த வழியும் ஆட்கள் சேர்ந்திருந்த முறையும். 1962 பிப்ரவரி 28 அன்று ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் இளம் இயக்குநர்கள் 26 பேர் பழைய ஜெர்மன் சினிமா இறந்துவிட்டதாக அறிக்கை வெளியிட்டதன் விளைவாக, முதற்பட இயக்குநர்களுக்குக் கடனுதவி வழங்கும் இளம் ஜெர்மன் திரைப்படக் குழுமம் 1965இல் உருவானது. 1968இல் திரைப்பட ஊக்குவிப்புச் சட்டம் வந்தது. 1974இல் தொலைக்காட்சி நிலையங்கள் திரைப்படத் தயாரிப்பில் பங்கேற்பதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஃபாஸ்பிண்டர் முனிச்சின் ஆக்‌ஷன் தியேட்டர் என்ற சிறு நாடகக் குழுவிலிருந்து 1968இல் உருவான ஆன்டிதியேட்டர் குழுவைத் தம்மோடு அப்படியே சினிமாவுக்குக் கொண்டுவந்தார். ஹன்னா ஷிகுலா, இர்ம் ஹெர்மன், குர்ட் ராப், இசையமைப்பாளர் பீர் ராபென் ஆகியோர் படத்துக்குப் படம் பொறுப்பு மாற்றிக்கொண்டு உழைத்தனர். ஒன்பதே நாட்களில் எடுக்கப்பட்ட ‘கட்சல்மாகர்’ அரசு விருதுகளை வென்றபோது அந்தப் பரிசுத்தொகை அடுத்த படங்களுக்கு மூலதனமாயிற்று; 1970ஆம் ஆண்டில் மட்டும் ஆறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. நாடகக் கம்பெனியின் உழைப்பு முறையை அரசு மானியத்தோடும் தொலைக்காட்சி நிதியோடும் இணைத்ததே அந்த வேகத்தின் அடிப்படை. அந்தக் குழுவுக்குள் அவர் செலுத்திய கொடுங்கோன்மையும் அதே முறையின் பகுதிதான் என்பதைப் பின்னாளில் அதிலிருந்தவர்கள் எழுதிய நினைவுகள் மறைக்கவில்லை.

சங்கங்களின் திரையில் ஃபாஸ்பிண்டரின் பெயருக்கு அடையாளமாக நின்ற படம் ‘அச்சம் ஆன்மாவைத் தின்கிறது’. 1973 செப்டம்பரில் பதினைந்து நாட்களில் எடுக்கப்பட்டு 1974இல் கான் விழாவில் விமர்சகர்களின் பரிசைப் பெற்ற இப்படத்தில், துப்புரவு வேலை செய்யும் அறுபது வயதை நெருங்கிய விதவையான எம்மி, மழைக்கு ஒதுங்கிய மதுக்கடையில் அலி என்ற மொராக்கோத் தொழிலாளியைச் சந்தித்து, அவரையே மணக்கிறார். மேற்கு ஜெர்மனி 1950களின் நடுப்பகுதி முதல் இத்தாலி, கிரீஸ், துருக்கி, மொராக்கோ முதலிய நாடுகளுடன் ஒப்பந்தம் செய்து வரவழைத்த, விருந்தினர் தொழிலாளர் எனப்பட்ட லட்சக்கணக்கானோருள் அலியும் ஒருவர். பிரிகிட்டே மிராவும் எல் ஹெடி பென் சலேமும் நடித்த இந்த இணையை அண்டை வீட்டார் ஏசுகிறார்கள், மளிகைக் கடைக்காரர் விற்க மறுக்கிறார், மகன் தொலைக்காட்சிப் பெட்டியைக் காலால் உதைத்து உடைக்கிறான்.

திறந்தவெளி உணவகக் காட்சி ஒன்றில் மஞ்சள் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடக்க, நடுவில் இவ்விருவர் மட்டும் அமர்ந்திருக்க, பணியாளர்கள் தொலைவில் அசையாமல் வரிசையாக நின்று வெறித்துப் பார்க்கிறார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை, காமெராவும் அவர்களைப் போலவே விலகி நிற்கிறது. எம்மி உடைந்து அழுவது அந்தப் பார்வையின் எடை தாங்காமல்தான். ஆனால் படத்தின் கூர்மை இரண்டாம் பாதியில் இருக்கிறது: கடைக்காரருக்கு வியாபாரம் தேவைப்படுகிறது, பிள்ளைக்குத் தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது, அண்டை வீட்டுக்காரிக்குச் சாமான் வைக்க நிலவறை தேவைப்படுகிறது, தேவைகள் வந்ததும் வெறுப்பு மரியாதையாக உருமாறுகிறது. உடனே எம்மியே தன் தோழிகளுக்கு அலியின் புயத்தைத் தொட்டுப் பார்க்கக் காட்டுகிறார். வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த யுகோஸ்லாவியப் பெண்ணை மற்றவர்களுடன் சேர்ந்து மாடிப்படியில் தனியே உட்காரவிடுகிறார். இறுதியில் அலி வயிற்றுப் புண்ணால் மயங்கி விழ, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இது அடிக்கடி வரும் நோய் என்றும் ஆறு மாதத்தில் மீண்டும் வரும் என்றும் மருத்துவர் உணர்ச்சியின்றிச் சொல்கிறார்.

மொழியும் ஊரும் பற்றிய உரசல்கள் கூர்மையடைந்துகொண்டிருந்த பெங்களூருவில் இப்படத்தை முனிச்சின் கதையாக மட்டும் பார்த்திருக்க முடியாது. ஃபாஸ்பிண்டர் இறந்த அதே 1982இல் கன்னடத்துக்கு முதலிடம் கோரிய கோகாக் கிளர்ச்சி கன்னட நடிகர் ராஜ்குமாரின் தலைமையில் மாநிலமெங்கும் பரவியது. அக்கோரிக்கைக்கு நியாயங்கள் உண்டு. அதற்குப் பின்னர் வந்தவற்றுக்கு அந்த நியாயம் இல்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 1991 டிசம்பர் 11 அன்று அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து நகரின் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. பலர் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தனர். அடுத்த மாதமே, 1992 ஜனவரியில், இந்திய சர்வதேசத் திரைப்பட விழா அதே நகரில் நடைபெற்றது. கட்டட வேலையிலும் துப்புரவுப் பணியிலும் சாலையோர வணிகத்திலும் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கும், அயலவரை ஊர் எப்படி நடத்துகிறது என்பதைப் பற்றிய உலகப் படங்களை அக்கறையோடு விவாதித்த சங்க உறுப்பினர்களுக்கும் இடையில் இருந்த தூரம் சில கிலோமீட்டர்தான். ஃபாஸ்பிண்டரிடம் இதற்கொரு பதில் இருந்தது: மஞ்சள் நாற்காலிகளுக்கு அப்பால் நின்று பார்க்கும் பணியாளர்களின் இடத்திலேயே அவர் தம் பார்வையாளரையும் நிறுத்தினார்.

சங்கப் பண்பாட்டின் மற்றொரு குருட்டுப் புள்ளியையும் இப்படம் வெளிச்சமிட்டிருக்க வேண்டும். ஹாலிவுட்டின் கண்ணீர்ப் படங்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த டக்ளஸ் சிர்க்கின் படங்களை, குறிப்பாக வயதில் இளைய தோட்டக்காரரைக் காதலிக்கும் விதவையைப் பற்றிய 1955ஆம் ஆண்டுப் படத்தை, மாதிரியாகக் கொண்டே ஃபாஸ்பிண்டர் இக்கதையை அமைத்தார். சிர்க்கும் ஹிட்லர் ஆட்சியிலிருந்து வெளியேறிய ஜெர்மன் இயக்குநர்தான். இத்தாலிய நவயதார்த்தத்தையும் ராயையும் அளவுகோலாகக் கொண்ட இந்தியச் சங்கங்கள் அழுகையையும் மிகையையும் வணிகத்தின் அடையாளமாகக் கருதின; பீம்சிங்கின் ‘பாசமலர்’ போன்ற படத்தைச் சங்கத்தில் திரையிடலாம் என்று யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பெங்களூருவிலேயே, திரிவேணியின் நாவலிலிருந்து புட்டண்ணா கனகால் இயக்கிய ‘சரபஞ்சரா’ 1971இல் வெளிவந்தது. மனநோய் குணமாகி வீடு திரும்பும் பெண்ணைக் கணவனும் அண்டை வீட்டாரும் தம் பார்வையாலேயே மீண்டும் நோயாளியாக்குவதைக் கல்பனாவின் நடிப்பில் காட்டிய அப்படமும், சுற்றியிருப்போரின் பார்வை ஒருவரை எவ்வாறு உடைக்கிறது என்பதையே பேசுகிறது. மெஜஸ்டிக்கில் ஓடிய படம் என்பதனாலேயே அது கலையின் கணக்கில் வரவில்லை. முனிச்சிலிருந்து பெட்டியில் வந்ததனாலேயே ஃபாஸ்பிண்டரின் மிகை கலையாக ஏற்கப்பட்டது.

கன்னடப் புதிய சினிமாவோடு ஒப்பிடும்போதுதான் ஃபாஸ்பிண்டரின் வேகத்துக்கு அடியில் இருந்த ஏற்பாடு தெளிவாகிறது. யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவலை வைத்து பட்டாபிராம ரெட்டி 1970இல் எடுத்த ‘சம்ஸ்காரா’வும் ஒரு நாடகக் குழுவின் நிழலில் பிறந்ததே: சென்னையின் மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவைச் சேர்ந்த கிரீஷ் கர்னாடும் சினேகலதா ரெட்டியும் அதில் நடித்தனர், எழுத்தாளர் பி. லங்கேஷ் மற்றொரு முக்கியப் பாத்திரமேற்றார், ஆஸ்திரேலியரான டாம் கோவன் ஒளிப்பதிவு செய்தார். முதலில் தணிக்கையால் தடுக்கப்பட்டு, பின்னர் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற இப்படத்துக்குப் பிறகு ‘வம்ச விருட்சா’, ‘காடு’, ‘சோமன துடி’, ‘கடஸ்ராத்தா’ எனப் படங்கள் தொடர்ந்தன. கோடம்பாக்கத்தின் கூடங்களை நம்பியிருந்த கன்னடத் தயாரிப்பைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவரும் நோக்கில் மாநில அரசு 1970களில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 50,000 ரூபாயும் வண்ணப் படத்துக்கு ஒரு லட்சமும் மானியம் வழங்கியது இந்த எழுச்சிக்கு உரமானது. ஆனால் ஜெர்மனியில் மானியத்தோடு சேர்ந்து நின்ற தொலைக்காட்சி இங்கே இல்லை. பெங்களூருத் தூர்தர்ஷன் நிலையமே 1981 நவம்பரில்தான் தொடங்கியது. ஒவ்வொரு படத்தையும் முடித்தபின் அடுத்ததற்கான பணத்தை முதலிலிருந்து தேட வேண்டியிருந்த நிலையில், 1977இல் ‘கடஸ்ராத்தா’வுடன் தொடங்கிய கிரீஷ் காசரவள்ளி போன்ற ஒருவர் நாற்பது ஆண்டுகளில் இயக்கிய முழுநீளப் படங்கள் பதினைந்தைத் தாண்டவில்லை. சினேகலதா ரெட்டியோ நெருக்கடி நிலையின்போது பெங்களூருச் சிறையில் மாதக்கணக்கில் அடைபட்டு உடல் நலிந்து, விடுவிக்கப்பட்ட சில நாட்களில், 1977 ஜனவரியில் உயிர் துறந்தார்.

தொலைக்காட்சி வந்ததும் என்ன நேர்ந்தது என்பதற்குச் சங்கர் நாக் சான்று. ‘சங்கேத்’ நாடகக் குழுவை நடத்தி, வணிகப் படங்களில் நாயகனாக ஓயாமல் நடித்து, அந்தப் பணத்தையும் உழைப்பையும் ‘மிஞ்சின ஓட்ட’, ‘ஆக்சிடென்ட்’ போன்ற தம் படங்களில் இறைத்த இவர், ஆர்.கே. நாராயணனின் கதைகளை ‘மால்குடி டேஸ்’ தொடராக 1980களின் நடுப்பகுதியில் தூர்தர்ஷனுக்காக இயக்கினார். ஆகும்பே கிராமத்தையே மால்குடியாக்கி, நாடக நடிகர்களைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி, எல். வைத்தியநாதனின் இசையோடு எடுக்கப்பட்ட அத்தொடர், குழுவும் தொலைக்காட்சி நிதியும் சேர்ந்தால் இந்தியாவிலும் அந்த வேகம் கைகூடும் என்று காட்டியது. 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே நேர்ந்த சாலை விபத்தில் முப்பத்தைந்தாம் வயதில் இறந்த இவருக்கும் ஃபாஸ்பிண்டருக்கும் மனப்பாங்கில் ஒற்றுமை எதுவும் இல்லை. ஒருவரின் உலகம் பரிவு நிறைந்தது, மற்றவருடையது பரிவையும் சந்தேகிப்பது. வேலை செய்த முறையில் மட்டும் பெங்களூரு கண்ட மிக அண்மையான இணை இதுவே.

ஃபாஸ்பிண்டரின் தொலைக்காட்சிப் பணியோ பெங்களூருவுக்கு வெகுகாலம் வந்து சேரவில்லை. பிந்தைய படங்களான ‘மரியா பிரவுனின் திருமணம்’, ‘லோலா’, 1982இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடியை வென்ற ‘வெரோனிகா ஃபோஸ்’ ஆகியவை, போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் பொருளாதாரச் செழிப்பு எதை மறந்து எழுந்தது என்பதைப் பெண்களின் வாழ்க்கை வழியே சொன்னமையால், உலகெங்கும் எளிதில் பயணம் செய்தன. ‘பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்’ நிலை வேறு. ஆல்ஃபிரட் டோப்ளின் 1929இல் எழுதிய நாவலைப் பதின்மூன்று பகுதிகளும் ஒரு பின்னுரையுமாக, மொத்தம் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும்படி 1980இல் எடுத்தார். சங்கங்கள் பழகிய அதே பதினாறு மில்லிமீட்டர்ச் சுருளில் படமாக்கப்பட்டும், அதன் நீளமே அதற்குத் தடை. அத்தொடரின் தெருக்காட்சிகள் முனிச்சுக்கு அருகிலுள்ள கைசல்காஸ்டைக்கின் பவேரியா படப்பிடிப்பு வளாகத்தில், இங்மார் பெர்க்மனின் படத்துக்காகக் கட்டப்பட்டிருந்த அரங்கத் தெருவில் எடுக்கப்பட்டன. இதே வளாகத்தில்தான் பீட்டர் ஓஸ்டர்மயர் 1919இல் எமெல்கா நிறுவனத்துக்கு இடம் அமைத்தார். அவருடைய அண்ணன் ஃபிரான்ஸ் ஓஸ்டன் அந்நிறுவனத்தின் பங்களிப்போடு இந்தியாவில் புத்தரின் கதையை 1925இல் மௌனப் படமாக எடுத்து, பின்னர் பாம்பே டாக்கீஸில் தேவிகா ராணியை வைத்துப் பல படங்களை இயக்கி, 1939இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசால் சிறைவைக்கப்பட்டார். அந்தத் தேவிகா ராணி தம் பிற்கால வாழ்க்கையை ஓவியர் ஸ்வெதஸ்லாவ் ரோரிக்குடன் பெங்களூருவின் கனகபுரா சாலையில் தாதகுனி எஸ்டேட்டில் கழித்து 1994இல் மறைந்தார். முனிச்சுக்கும் பெங்களூருவுக்கும் இடையிலான திரைப்படத் தொடர்பு சங்கங்களைவிடப் பழையது.

இந்நகரத்தோடு மிக நெருங்கிய ஃபாஸ்பிண்டர் ஆக்கங்கள் இரண்டும் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டவை. ‘கம்பியில் ஓர் உலகம்’ 1973இல் இரு பகுதிகளாக ஒளிபரப்பானது. சந்தையின் போக்கை முன்கூட்டியே கணிப்பதற்காக ஆயிரக்கணக்கான செயற்கை மனிதர்கள் வாழும் ஓர் உலகத்தையே கணினிக்குள் உருவாக்கும் நிறுவனத்தில், பொறுப்பேற்கும் விஞ்ஞானி தானும் அத்தகைய ஓர் உருவமோ என்று ஐயுறுவதே கதை; மிஷாயேல் பால்ஹவுஸின் காமெரா கண்ணாடிகளிலும் பளபளக்கும் சுவர்களிலும் முகங்களைப் பன்மடங்காக்கிக்கொண்டே போகிறது. எலக்ட்ரானிக் சிட்டியும் மென்பொருள் வளாகங்களும் எழுவதற்கு முன்பே எடுக்கப்பட்ட இப்படம், 2010இல் ஃபாஸ்பிண்டர் அறக்கட்டளை மீட்டெடுத்த பிறகே உலகப் பார்வையாளர்களை அடைந்தது.

மற்றது ‘எட்டு மணி நேரம் ஒரு நாளாகாது’. 1972–73இல் ஒளிபரப்பான, கொலோன் நகரத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் கதையான இத்தொடரில், கருவி செய்யும் தொழிலாளியான யோகன் வேலையை விரைவுபடுத்தும் யோசனையொன்றைக் கண்டுபிடிக்க, அதனால் மிச்சமான நேரத்தைக் காட்டி நிர்வாகம் ஊக்கத்தொகையை ரத்து செய்கிறது. தொழிலாளர்கள் அதைத் திரும்பப் பெறுவதும், தம் மேற்பார்வையாளரைத் தாமே தேர்ந்தெடுக்க முயல்வதும், ஆலை இடம் மாறும்போது வேலை முறையைத் தாமே வகுக்க முனைவதும் அடுத்தடுத்த பகுதிகள். பாட்டி ஒருத்தி அனுமதியில்லாமல் மழலையர் பள்ளி தொடங்கும் பகுதி ஃபாஸ்பிண்டரின் மொத்தப் படைப்பிலும் மிக மகிழ்ச்சியானது. இயந்திரக் கருவிகளுக்காகவே 1953இல் அமைக்கப்பட்ட எச்.எம்.டி. ஆலையும், அதனுடன் எச்.ஏ.எல்., பெல், ஐ.டி.ஐ., பெமல் ஆகிய பொதுத்துறை ஆலைகளும் இயங்கிய நகரம் பெங்களூரு. அவற்றின் தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெல் என்றே அழைக்கப்படும் மற்றொரு நிறுவனமான பாரத மிகுமின் நிறுவனத்துக்கு இணையான ஊதியம் கேட்டு 1980 டிசம்பர் இறுதி முதல் 1981 மார்ச் வரை 77 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கன்னடரும் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் ஒரே வாயிற்கதவில் நின்ற அந்த ஆண்டுகளில் இத்தொடரின் பிரதியொன்று இந்நகருக்கு வந்திருந்தால் அதைப் பார்க்க வேண்டியவர்கள் சங்க உறுப்பினர்கள் மட்டும் அல்லர். தொழிற்சங்க அரங்குகளிலும் அதற்கு இடம் இருந்திருக்கும். ஆனால் தொலைக்காட்சித் தொடர்கள் பண்பாட்டு ஏற்றுமதிக் கணக்கில் சேரவில்லை. ஜெர்மனிக்கு வெளியே அரிதாகவே பார்க்கப்பட்ட ஒன்றாக அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது.

2006இல் தொடங்கிய பெங்களூரு சர்வதேசத் திரைப்பட விழாவும், குறுந்தகடுகளும், பின்னர் இணையவழித் திரையிடலும் பதினாறு மில்லிமீட்டர்ப் பெட்டிகளின் தேவையை ஒழித்தன. இன்டர் நாட்சியோனஸ் 2001இல் கோதே நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. மாக்ஸ் முல்லர் பவன் இந்திராநகருக்கு இடம் மாறியது. சுசித்ரா பனசங்கரியில் தனக்கென்று அரங்கத்தோடு இன்றும் இயங்குகிறது. ‘எட்டு மணி நேரம்’ மீட்டெடுக்கப்பட்டு 2017இல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டபோது, எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. இப்போது பெங்களூருவில் அத்தொடரைத் தேடிப் பார்ப்பவருக்கு ஐந்து பகுதிகள் கிடைக்கும். திட்டமிடப்பட்டவை எட்டு, இறுதி மூன்றையும் எடுக்க வேண்டாம் என்று கொலோன் ஒளிபரப்பு நிலையம் முடிவு செய்ததால் அவை படமாக்கப்படவே இல்லை.